தங்கையின் நாய்க்கு முழுக் காப்புறுதி

இருபத்தெட்டு வருடம் நான் காப்புறுதி விற்றவன். முச்சக்கர வண்டிக்கு விற்றிருக்கிறேன், உழவு இயந்திரத்துக்கு விற்றிருக்கிறேன், தங்களுக்குச் சாவே வராது என்று சத்தியம் செய்யாத குறையாக நின்ற மனிதர்களுக்கும் விற்றிருக்கிறேன். ஆனால் ஓய்வுபெற்ற பிறகு, கல்முனையில் என் வீட்டு விறாந்தையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒரு நாயின் பொலிசியை வரி வரியாக வாசிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் உங்கள் மூளைக்கு ஒரு பொலிசி எடுங்கள் என்றிருப்பேன்.

நாய் என் ஒரே தங்கையின் வீட்டு நாய். அவளும் மச்சானும் இங்கிலாந்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல். பிள்ளைகள் இல்லை. மச்சான் அங்கே பஸ் ஓட்டினார். இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, தினமும் காலையில் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே ஊர் சுற்றியவர். கேற் வரைக்கும் போவார், மழை என்பார், திரும்பி வந்து தேநீர் கேட்பார். அப்போதுதான் அவரோடு வேலை செய்த ஒருவர் நாட்டைவிட்டுப் போகப் புறப்பட்டு, இரண்டு வயது நாயை யாரிடம் விடுவது என்று தவித்திருக்கிறார். மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தங்கை அழுதுகொண்டு எனக்கு அழைப்பெடுத்தாள். எங்கள் ஊரில் அண்ணனை, மூத்தவர்களைக் காக்கா என்போம்.

“காக்கா, இவரு ஊட்டுக்குள்ள நாயக் கொண்டு வந்திரிக்காரு. நான் இனி எங்க தொழுற?”

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்கு நாய் தேவையில்லை, பூனையே போதும் என்று என் மனைவி சொல்வாள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்று ஓதி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் ஒரு நாய் யாருடைய படலையடியில் நின்றாலும் உள்ளேயிருந்து ஒரு கல் வரும். போனை மச்சானிடம் கொடுக்கச் சொன்னேன்.

“காவலுக்கு, வேட்டைக்கு எண்டாத்தான் நாய் வளக்கலாம். உங்களுக்கு என்னத்துக்கு?”

“காவலுக்குத்தான் மச்சான்,” என்றார் அவர். “என்ட ஹார்ட்டுக்குக் காவல்.”

தங்கை பூச்செடிக்கு விற்கிற மண்ணை ஒரு பை வாங்கி, வாளியில் கொட்டிப் பின்கதவடியில் வைத்துக்கொண்டாள். தொழுகை அறைக்கு ஒரு தடுப்பு, நாய்க்குக் குசினி மூலை என்று எல்லை பிரித்தாள். நாய் அந்த எல்லையை இரண்டு நாளில் படித்துக்கொண்டது. மச்சானை அது ஒவ்வொரு காலையும் இழுத்துக்கொண்டு போனது. மழையாவது பனியாவது, அதற்குக் கவலையில்லை.

மச்சான் அதோடு ஒரு சொல் ஆங்கிலம் கதைத்ததில்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளைக்கூட ‘வாங்க மகன், இரிங்க மகன்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவோம். அந்த மரியாதை நாய்க்கும் கிடைத்தது. வீடியோ அழைப்பில், “மாமாக்கு ஸலாம் சொல்லுங்க மகன்” என்பார் மச்சான். அது ஒரு குரல் குரைக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஐம்பது வயது தாண்டிய பிறகு அந்த வீட்டில் ‘மகன்’ என்ற சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரியாதவன் போல இருந்தேன்.

ஒரு நாள் அந்த மகன் மச்சானின் காலுறை ஒன்றை விழுங்கிவிட்டார். வயிற்றைக் கீறி எடுத்தார்களாம். பில்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காசுக்குக் கன்றோடு மாடு வாங்கலாம். அன்றுதான் மச்சான் கேட்டார், “மச்சான், நீங்கதானே இந்தத் தொழில் பாத்த ஆள். நாய்க்கு எந்தப் பொலிசி நல்லம் எண்டு பாத்துச் சொல்லுங்க.”

தொழில் என்றதும் எனக்கு நாய் மறந்துவிட்டது. அனுப்பியதையெல்லாம் கடையில் கொடுத்து அச்செடுத்து வாசித்தேன். மூன்று தரம் இருந்தது. ஆகக் குறைந்தது விபத்துக்கு மட்டும். வாகனம் அடித்தால் தருவார்கள், காய்ச்சல் வந்தால் தரமாட்டார்கள். நடுவில் உள்ளது நோய்க்கும் தரும், ஆனால் ஒரு நோய்க்கு ஒரு வருடம்தான். வருடம் முடிந்தால் அந்த நோயைப் பிறகு அது தெரியாதென்றுவிடும். மூன்றாவது ஆயுள் முழுக்க. வருடா வருடம் புதுப்பித்தால் நாய் சாகும்வரை எந்த நோயையும் கைவிடாது.

மச்சானுக்குக் குறைந்தது போதும். தங்கைக்கு நடுவில் உள்ளது. நான் மூன்றாவதில் நின்றேன். குறைந்த காப்புறுதி எடுத்தவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவன் நான். அக்கரைப்பற்றில் ஒரு மனிதர், வெள்ளத்தில் வாய்க்காலுக்குள் குடைசாய்ந்த உழவு இயந்திரத்தின் படத்தோடு கிளைக்கு வந்தார். அவர் எடுத்திருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அடுத்தவனுடைய சேதத்துக்குத்தான் பணம், உங்களுடையதுக்கு இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் படத்தைத் திருப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். “எடுத்தா முழுசா எடுங்க, இல்லாட்டி சும்மா இரிங்க” என்று மச்சானிடம் சொன்னேன். முழுசாகவே எடுத்தார்கள். அந்தத் தெரிவில் நான் பிழைவிடவில்லை. இன்றைக்கும் சொல்வேன், சரியான பொலிசிதான்.

நிபந்தனைகளில் முக்கியமானவற்றுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, போனில் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பதினாலு நாளுக்குள் வருகிற நோய்க்குத் தரமாட்டார்கள் என்றேன். பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது.

“பொலிசியும் இத்தா இரிக்குதோ மச்சான்?”

இத்தா என்பது கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற காலம். “நாலு மாசம் பத்து நாளில்ல, இதுக்குப் பதினாலு நாள்தான்” என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கோடு போட்ட இன்னொரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். வருடாந்தத் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட வேண்டும். தவறினால், அந்த ஊசி தடுக்கக்கூடிய நோய் எதற்கும் ஒரு சதமும் கிடைக்காது. “விளங்கினதா புள்ள?” என்றேன். “ஓம் காக்கா” என்றாள். அந்தத் தாளை என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

மூன்றாவது வருடம் மச்சான் மௌத்தானார். காலையில் நடக்கப் போவதற்காகக் குனிந்து சப்பாத்து நாடா கட்டும்போதே சரிந்துவிட்டார். எனக்கு விசா எடுத்துப் போக அவகாசமில்லை. அங்கேயே அடக்கினார்கள். ஜனாஸாவை ஒருவர் போனில் பிடித்துக் காட்ட, நான் விறாந்தையில் இருந்து பார்த்தேன். என்னை விட ஆறு வயது இளையவர். நான் குரலெடுத்து அழுதேன்.

தங்கை அந்த வீட்டில் இத்தா இருந்தாள். அவளும் நாயும்.

ஊரில் கேள்வி தொடங்கியது. பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது ஒருவர், “வெளிநாட்டில இரிக்கிறவங்க இத்தாவெல்லாம் எங்க இரிக்கப் போறாங்க” என்றார். என்னைக் குத்தத்தான் சொன்னாரோ, சும்மா சொன்னாரோ தெரியாது. “என்ட தங்கச்சி வாசப்படி தாண்டமாட்டா” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் கேட்டுக் கொடுத்த வாக்கில்லை அது. என் மரியாதைக்காக நான் கொடுத்த வாக்கு.

மூன்றாவது கிழமை அவளுடைய குரல் செய்தி வந்தது. கூடவே ஒரு அட்டையின் படம்.

“காக்கா, மகன்ட தடுப்பூசிக்கு வரச் சொல்லிக் காட் வந்திரிக்கு. பக்கத்து ஊட்டு மனிசி கூட்டிப் போறன் எண்டுதான் சொல்றா. ஆனா வேற ஆள் பிடிச்சா ஊசிக்கு நிக்கிறல்ல, கடிக்கப் போகுது. அவரு இல்லாட்டி நான்தான் பிடிக்கணும். பகல்ல ஒரு மணித்தியாலம்தான். தேவைக்கு வெளியில போகலாம் எண்டு சொல்றாங்களே, இது தேவையில சேருமா காக்கா?”

நான் அப்போது எங்கள் மாவடிப்பள்ளி வயலில் நின்றேன். அறுவடை. வெட்டுகிற மெஷின்காரன் சொன்ன நேரத்துக்கு வராமல், பிந்தி வந்து பக்கத்து வயலுக்குள் இறங்கிவிட்டான். அவனைத் திட்டிய வாயோடு அவளுக்குப் பதில் பேசினேன்.

“நாய்க்கு ஊசி போடுறதெல்லாம் ஒரு தேவையா? ஊர் என்ன கதைக்கும்? நாலு மாசத்தில நாய் செத்துப் போகாது. சும்மா இரி புள்ள.”

அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ஒன்பது விநாடி. பின்னால் மெஷின் சத்தமும் கேட்கும். சிவப்புக் கோடு போட்ட தாள் என் லாச்சிக்குள் இருந்தது. எனக்கு அது ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற மிருக வைத்தியர் யாரும் இல்லையா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. “சரி காக்கா” என்று எழுதியிருந்தாள்.

அதன் பிறகு அவள் கதைப்பதெல்லாம் நாயைப் பற்றித்தான். மச்சானின் சப்பாத்தடியில் போய்ப் படுக்கிறதாம். காலையில் அந்த நேரத்துக்குக் கதவடியில் நின்று இவளைத் திரும்பிப் பார்க்கிறதாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி இரக்கப்பட்டு நடக்கக் கூட்டிப் போகத் தொடங்கினாள். மச்சான் போகிற மேட்டுப் பாதை அவளுடைய முழங்காலுக்குச் சரிவராது. அதனால் வீடுகளுக்குப் பின்னால் உள்ள கால்வாய் ஓரமாகப் போனார்கள். நாய் தண்ணீரைக் கண்டால் பாய்ந்துவிடுகிறது என்று தங்கை முறையிட்டாள். குளிக்கட்டும், நாற்றமாவது போகும் என்றேன்.

இத்தா முடிய ஒரு கிழமை இருக்கும்போது நாய் சாப்பாட்டை விட்டது. மறுநாள் வாந்தி. அடுத்த நாள் அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“கண்ணெல்லாம் மஞ்சளா இரிக்கு காக்கா.”

எந்த வைத்தியரும் சொல்லும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. வயல் செய்கிற எங்களுக்கு இது தெரியாத சங்கதியா? எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வருவது. ஒவ்வொரு போகமும் பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் மாத்திரைப் பெட்டியோடு வந்து, சேற்றில் இறங்கும் முன் விழுங்குங்கள் என்று கெஞ்சுவார். எனக்கு ஒன்றும் வராது என்று விழுங்காமல் இறங்கிச் செத்தவர்களை எனக்குத் தெரியும். நான் ஒரு தடவையும் தவறாமல் விழுங்குகிறவன். நாய்களுக்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. வருடத்துக்கு ஒன்று.

பக்கத்து வீட்டு மூதாட்டிதான் டாக்ஸி பிடித்துக் கொண்டுபோனாள். கடிப்பதற்கு அதனிடம் பலம் இருக்கவில்லை. ஆனாலும் சேலைன் ஏற்ற விடாமல் எழும்பி எழும்பி நின்றதாம். அங்குள்ள தாதி தங்கைக்கு அழைத்து, நீங்கள் பேசிப் பாருங்கள் என்று போனை நாயின் காதடியில் வைத்திருக்கிறாள்.

“நான் என்ன காக்கா சொல்ற?” என்று பிறகு என்னிடம் சொன்னாள். “‘படுங்க மகன். ஒண்டுமில்ல மகன். உம்மா இஞ்சதான் இரிக்கன்’ எண்டு சொன்னன். படுத்துட்டாராம்.”

மகன் என்று அழைத்தது மச்சான். அவள் தன்னை உம்மா என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டது. லாச்சியைத் திறந்து தாளை எடுத்தேன். என் கையால் போட்ட கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. அன்றே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மேன்முறையீடு எழுதினேன். இவள் விதவை, எங்கள் மார்க்கத்தில் இப்படி ஒரு காலம் உண்டு, அந்தக் காலத்துக்குள் தவணை வந்துவிட்டது, கருணை காட்டுங்கள் என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான் என்ற பதில். ஒரு சொல்லிலும் குறை பிடிக்க முடியாது. அப்படியான கடிதங்களை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்! எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன்.

சிறுநீரகம் போய்விட்டது, இயந்திரத்தில் வைத்துப் பல நாள் வைத்தியம் பார்த்தால் பாதி நம்பிக்கை உண்டு என்றார்களாம். பொலிசி செல்லுபடியாகியிருந்தால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள். மாவடிப்பள்ளிக் காணியில் ஒரு துண்டை விற்று அனுப்புகிறேன் என்றேன். வெறும் வாய்ப்பேச்சில்லை, உண்மையாகவே சொன்னேன்.

“அது வந்து சேருமட்டும் மகன் தாங்கமாட்டார் காக்கா” என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் அழைத்தாள். அங்கே அப்போது காலை.

“போய்ட்டு வந்தன் காக்கா.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. நாயை இனி வேதனைப்பட விடாமல் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம் என்று அவளே முடிவெடுத்து, இத்தாவின் வெள்ளை உடுப்போடு டாக்ஸியில் போய், அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தா முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. மரணச் செய்தி கேட்டால் சொல்கிற ‘இன்னா லில்லாஹி’ என் வாய்வரை வந்தது. நாய்க்குச் சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். அவள் சொன்னாள். முழுவதையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. அந்த இரண்டு மணித்தியாலம் அவள் வெளியே போனதற்கு என்ன பரிகாரம், நாள் கூட்டி இருக்க வேண்டுமா, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டுமா என்று கேட்க மௌலவியிடம் போனேன். அவளைப் பாவத்திலிருந்து மீட்க எனக்கு அவ்வளவு அவசரம். அவர் என் மகனுடைய வயதுக்காரர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஒண்டும் செய்யத் தேவல்ல காக்கா. பகல்ல தேவைக்குப் போய்ட்டு ராவைக்கு ஊட்டுக்கு வந்தாச் சரி.”

“நாய்க்காகப் போறது தேவையா மௌலவி?”

“வாயில்லாத உயிரு. அவங்கட பொறுப்பில இரிக்கு. வேற ஆளுமில்ல எண்டா, தேவைதான்.” பிறகு, எதையோ யோசித்தவர் போலக் கேட்டார், “முதல் அந்த ஊசிக்கும் போயிரிக்கலாமே, ஏன் போகல்ல?”

நான் ஏதோ சொல்லி எழும்பி வந்துவிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பள்ளிப் பக்கமாகப் போய் நின்றேன். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களுடைய பொலிசியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்தவன், என் வாயில் இருந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. ஒரு மார்க்கக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் யார்? ஓதிப் படித்தவனா? அவள் கேட்டாள், நான் தமையன், அவ்வளவுதான் என் தகுதி. ஊசிக்குப் போகலாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாய் பிழைத்திருக்கும். நோய் வந்தாலும் பொலிசி பார்த்திருக்கும். அவளை அந்த வீட்டில் ஒற்றையாக இருக்க வைத்தது நான்தான்.

இதை மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தா முடித்துக் குளித்து எழும்பிய அவளுக்கு இரண்டு நாள் கழித்து அழைத்தேன். என் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், மௌலவி சொன்னதையே முதலில் சொன்னேன். “ஊசிக்குப் பகல்ல போயிரிக்கலாமாம் புள்ள. நான் தெரியாமச் சொல்லிட்டன். என்ன மன்னிச்சிரு” என்றேன்.

அவளுடைய வீட்டில் நாயின் சத்தமும் இல்லாதது போனிலேயே தெரிந்தது.

“எனக்குத் தெரியும் காக்கா,” என்றாள். “காட் வந்த அண்டைக்கே இஞ்ச பள்ளிவாசலுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டன். போகலாம் எண்டுதான் சொன்னாங்க.”

“மறுகா ஏன் புள்ள போகல்ல?”

“உங்களுக்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவம் எண்டு நினைச்சன்.”